விட்டுப்போன ஸி

எங்கள் வீட்டில் காலாவதி ஆகிற பொருட்கள் இரண்டு இருந்தன. ஒன்று ஃப்ரிட்ஜில் இருக்கும் பால் பாக்கெட், இன்னொன்று பீரோவில் இருந்த என் நீட் மதிப்பெண் அட்டை. பால் பாக்கெட்டை அம்மா பார்த்துக்கொண்டாள். அட்டையை நான் வாரத்துக்கு இரண்டு தடவையாவது வெளியே எடுத்துப் பார்ப்பேன். அதில் காலாவதித் தேதி அச்சடித்திருக்காது. ஆனால் எனக்கு அது மனப்பாடம்.

மூன்றாவது தடவை எழுதியபோதுதான் தகுதி மதிப்பெண்ணைத் தாண்டினேன். அரசு இடம் கிடைக்கிற உயரமில்லை அது, ஏதோ குட்டிச்சுவரைத் தாண்டிய மாதிரி. தனியார் கல்லூரி என்ற பேச்சை எங்கள் வீட்டில் யாரும் எடுக்கவே மாட்டார்கள். ஆனால் அந்தத் தகுதியை வைத்துக்கொண்டு வெளிநாட்டில் மருத்துவம் படிக்கப் போகலாம். அதற்கு ஆயுள் மூன்று வருடம்.

கோச்சிங்கில் என்னோடு இரண்டு வருடம் பெஞ்சு தேய்த்த நண்பன்தான் வழி சொன்னான். மதுரை பழங்காநத்தத்தில் அப்பாவின் பைப், டேப் கடை வாசலில் நின்றுகொண்டு சொன்னான்.

"மாப்ள, ஒரு ஃபாரின் யுனிவர்சிட்டி இருக்கு. டிகிரி முடிச்சவங்களுக்குத் தனியா சீட்டு வச்சிருக்கான். ஃபீஸும் அவனே பாத்துக்கிறான். ஆனா மார்க்க மட்டும் பாக்க மாட்டான், ஆளயும் பாப்பான்."

"ஆள எப்பிடிடா பாப்பான்?"

"அப்ளிகேசன்லதான்."

நான் முடித்திருந்த வெறும் பி.எஸ்ஸி. விலங்கியலோடு போனால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்களாம். மருத்துவக் கல்லூரி முதல் வருடப் பாடங்களை நடத்துகிற எம்.எஸ்ஸி. ஒன்று இருக்கிறது, அதில் நல்ல மார்க் வாங்கிவிட்டு மனுப் போட்டால் கதை வேறு என்றான். நாகமலை புதுக்கோட்டைப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் அந்தப் படிப்பு இருந்தது. படிப்பு இரண்டு வருடம், அட்டையின் ஆயுள் மூன்று வருடம். ஆகவே ஒரே ஒரு தடவைதான் மனுப் போட முடியும். அதில் விழுந்தால், மீசை நரைக்கத் தொடங்கும் முன்பாவது முடியட்டும் என்று பதினேழு வயதுப் பிள்ளைகளுக்கு நடுவே மறுபடி நீட் எழுத உட்கார வேண்டும். நான் சேர்ந்துவிட்டேன்.

அந்த இரண்டு வருடமும் நான் ஓரிடத்தில் உட்கார்ந்ததாக ஞாபகம் இல்லை. பஸ்ஸில் இடம் கிடைத்தாலும் படியருகே போய் நிற்பேன். சாப்பிடும்போது கால் தானாக ஆடும். "காலை ஆட்டாதடா, வீட்டுக்கு ஆகாது" என்று அம்மா தட்டை நகர்த்திக்கொண்டே திட்டுவாள். கடைக்கு வருகிறவர்கள் பையன் என்ன படிக்கிறான் என்று கேட்டால் அப்பா, "மெடிக்கல் லைன்ல இருக்கான்ணே" என்பார். அந்த 'லைன்' எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று யாரும் கேட்டதில்லை. நானும் விளக்கியதில்லை.

இரண்டாம் வருடம் மனுவைத் திறந்தேன். மார்க் போட்டாயிற்று. பரிந்துரைக் கடிதங்கள் இரண்டு வாங்கியாயிற்று. கடைசியில் ஒரு கட்டம் காலியாகவே கிடந்தது. ஒரு நோயாளியோடு உங்களுக்கு ஏற்பட்ட அனுபவத்தை எழுதவும் என்று கேட்டிருந்தார்கள். எனக்கு ஏது நோயாளி? எங்கள் படிப்பில் எலும்பு உண்டு, கண்ணாடிச் சில்லில் ஒட்டிய திசு உண்டு, ஆள் கிடையாது. அதிகபட்சம், ஒரு ரத்ததான முகாமில் பிஸ்கட் கொடுத்திருக்கிறேன். பிஸ்கட்டைப் பற்றி எழுதிப் பார்த்தேன், நாலு வரிக்கு மேல் ஓடவில்லை.

அந்த நேரத்தில்தான் காதுகுத்து வந்தது.

அப்பாவின் சொந்த ஊர் பேரையூர். அவருடைய அக்கா, என் அத்தை, இன்னும் அங்கே பருத்தியும் மக்காச்சோளமும் போடுகிறாள். என் அக்காவைக் கட்டிக் கொடுத்தது அந்த அத்தை மகனுக்குத்தான். அவர்கள் பிள்ளைக்குக் காதுகுத்து என்றால் நான் தாய்மாமன். எங்கள் பக்கம் காதுகுத்துக்கு ஃபிளெக்ஸ் வைத்தால் குழந்தை படம் ஒரு ஓரமாக இருக்கும், தாய்மாமன்தான் ஆளுயரத்துக்கு நிற்பான். பேருக்குக் கீழே படிப்பைப் போட்டாக வேண்டும். டிப்ளமோவைப் பாதியில் விட்டவன்கூட அடைப்புக்குறி போட்டு ஏதாவது சேர்த்துக்கொள்வான்.

மச்சான் ஃபிளெக்ஸ் மாதிரியை வாட்ஸப்பில் அனுப்பினார். ஆய்வகத்தில் வெள்ளைக் கோட்டோடு கைகட்டி நான் எடுத்துக்கொண்ட படம். கீழே என் பெயர், அதற்கும் கீழே எம்.எஸ்ஸி. என்று இருந்திருக்க வேண்டும். படத்தில் என் முழங்கை கொஞ்சம் பெரிதாகி, கடைசி எழுத்தின் மேல் ஏறி நின்றது. 'ஸி' போய் 'எம்.எஸ்' மட்டும் மிச்சம் இருந்தது. எம்.எஸ். என்றால் அறுவை சிகிச்சை நிபுணர். எம்.எஸ்ஸி. என்றால் நான்.

"மாப்ள, ஓகேவா? கடைக்காரர் பிரிண்ட் போடப் போறாரு" என்று கூடவே ஒரு செய்தி.

அப்போது நான் வகுப்பில் இருந்தேன். "ஸி விட்டுப்போச்சு மச்சான்" என்று தட்டினேன். அனுப்பவில்லை. அந்தப் படத்தை விரலால் இழுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. தட்டியதை அழித்துவிட்டுக் கட்டைவிரலை அனுப்பினேன். யாரோ செய்த பிழை என்று இன்று வரைக்கும் என்னால் சொல்லிக்கொள்ள முடியாது.

கோயிலுக்குப் போகிற வழியில் இரண்டு இடத்தில் அந்த ஃபிளெக்ஸ் நின்றது. பிள்ளையை மடியில் வைத்துக் காது குத்தி முடிந்து, அது அழுது ஓய்ந்து, பந்தி தொடங்கிய பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். ஒருவருக்கு முதுகுவலி, ஒருவருக்குத் தலைசுற்றல். எல்லாருக்கும், "மதுரைக்கு வாங்க, பாத்துக்கலாம்" என்றேன். அப்படிச் சொல்கையில் எனக்கே குரல் கனத்துப்போயிருந்தது. அத்தை கடைசியாக வந்து பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து காலை நீட்டினாள்.

"மருமகனே, இதக் கொஞ்சம் பாரு. கருவ முள்ளு செருப்பையும் தாண்டி ஏறிருச்சு. எடுத்து பத்து நாளாச்சு."

பெருவிரலுக்கு அடியில் ஒரு சின்னக் கருப்புப் புள்ளி. சுற்றிலும் தோல் தடித்திருந்தது. அத்தைக்குச் சர்க்கரை உண்டு, எனக்கும் அது தெரியும். அழுத்திப் பார்த்தேன்.

"வலிக்குதா அத்த?"

"வலியெல்லாம் இல்லய்யா. உங்க மச்சான்தான் ஆஸ்பத்திரிக்குப் போவோம்னு நச்சரிக்கிறான்."

கையில் அவள் கால் இருந்தது, மனசில் மனுவின் அந்தக் காலிக் கட்டம் இருந்தது. இதோ என் நோயாளி என்று நினைத்தேன். நினைத்ததை மறைக்க விரும்பவில்லை, அப்படியே அதே வார்த்தையில்தான் நினைத்தேன்.

"வலி இல்லைன்னா ஒண்ணும் இல்லத்த. சுத்தமா கழுவி, மருந்து போடுங்க. தானா ஆறிரும்."

"இம்புட்டுதானே? இதுக்கு அம்புட்டு தூரம் போகச் சொல்றான் பாரு" என்று அத்தை எழுந்து, கறிக்குழம்பு மிச்சம் இருக்கிறதா என்று விசாரிக்கப் போய்விட்டாள்.

அந்த வாரமே கட்டத்தை நிரப்பினேன். கிராமத்துப் பெண், முள் குத்திய கால், அவள் கண்ணில் பயம், நான் பொறுமையாகப் பேசப் பேச அந்தப் பயம் விலகியது, மருத்துவம் என்பது முதலில் நம்பிக்கை என்று அன்று உணர்ந்தேன், இத்தியாதி. அத்தை கண்ணில் பயமெல்லாம் கிடையாது. அவள் வாயில் வெற்றிலை இருந்தது. ஆனால் ஆங்கிலத்தில் வாசித்தபோது எனக்கே உண்மை மாதிரி இருந்தது. அனுப்பும் பொத்தானை அமுக்கினேன். 'சமர்ப்பிக்கப்பட்டது, இனி மாற்ற இயலாது' என்று திரையில் வந்தது. அன்று மட்டும் கால் ஆடவில்லை.

அடுத்து இரண்டு வாரம் போயிருக்கும். நரம்புகள் பற்றிய பாடம். சாப்பாட்டுக்குப் பிறகு வரும் வகுப்பு, பாதிப் பேர் தூங்கி வழிந்துகொண்டிருந்தார்கள். ஆசிரியை பலகையில் ஒரு பாதத்தை வரைந்துவிட்டுத் திரும்பி, "வலிக்குதுன்னு வர்றவங்களப் பத்தி எனக்குப் பெரிய கவலை இல்ல. சர்க்கரை இருக்கிறவங்க கால்ல புண்ணோட வந்து வலிக்கலன்னு சொன்னா, அங்கதான் பயப்படணும். நரம்பு செத்துருச்சுன்னு அர்த்தம்" என்றார். பக்கத்தில் இருந்தவன் அதை நோட்டில் எழுதிக்கொண்டான். நான் எழுந்து வெளியே போனேன். அனுமதி கேட்டேனா என்று நினைவில்லை.

வராந்தாவில் நின்று அத்தைக்குப் போன் போட்டேன்.

"அதுவா? விரலு கறுத்துப்போச்சு. கொஞ்சம் வாடை வருது. மஞ்சப் பத்து போட்டுருக்கேன். வலிதான் இல்லைங்கிறேன்ல, நீயே சொல்லிட்ட, பெறகென்ன?"

"அத்த, எங்கயும் போகாதீங்க. இந்தா வாரேன்."

நாகமலை புதுக்கோட்டையிலிருந்து செக்கானூரணி, அங்கிருந்து திருமங்கலம், பிறகு பேரையூர். மூன்று பஸ். ஒவ்வொன்றும் கல்லுக்கும் மரத்துக்கும் நின்று நின்று போனது. டி. கல்லுப்பட்டியில் டிரைவர் டீ குடிக்க இறங்கினார். நான் கீழே இறங்கி, ஏறி, மறுபடி இறங்கினேன். "தம்பி, ஒண்ணு உள்ள இரு, இல்ல வெளிய இரு" என்று கண்டக்டர் சத்தம் போட்டார். மச்சான் லோடு ஏற்றிக்கொண்டு விருதுநகர் போயிருந்தார். நானும் அக்காவும் ஒரு காரைப் பிடித்து அத்தையை மதுரை பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வழியெல்லாம் அத்தை, எதற்கு இந்த அலப்பறை என்று எங்களைக் கேலி செய்துகொண்டே வந்தாள்.

கட்டைப் பிரித்துப் பார்த்த டாக்டருக்கு என் வயதுதான் இருக்கும். என்னோடு சேர்ந்து முதல் தடவை நீட் எழுதியவராகக்கூட இருக்கலாம்.

"இம்புட்டு நாள் எங்கம்மா போனீங்க?"

"போகாம என்ன? எங்க மருமகன் டாக்டர்தான். அவரு பாத்துட்டாரு" என்றாள் அத்தை.

"எந்த ஆஸ்பத்திரில இருக்காரு?"

"இந்தா நிக்கிறாருல்ல. எம்.எஸ்."

அத்தைக்கு அதில் அவ்வளவு பெருமை. அந்த டாக்டர் சட்டென்று நிமிர்ந்து ஒரு எட்டுப் பின்னால் வைத்தார். "சார்... ஸாரி சார், கவனிக்கல. எந்த யூனிட் சார்?"

இப்போதும் அந்த 'சார்' என் காதில் இருக்கிறது. ஐந்து வருடமாக நான் கேட்க ஆசைப்பட்ட சொல் அது.

"எம்.எஸ். இல்லைங்க" என்றேன். "எம்.எஸ்ஸி."

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும். என் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, "அப்பிடித் தள்ளி நில்லுங்க, வெளிச்சம் மறைக்குது" என்றார். தள்ளி நின்றேன்.

இரண்டு விரலை எடுத்தார்கள். இன்னும் ஒரு வாரம் போயிருந்தால் பாதமே போயிருக்கும் என்று அக்காவிடம் சொன்னார்களாம். ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டு மாற்ற வேண்டியிருந்ததால் அத்தை பழங்காநத்தத்தில் எங்கள் வீட்டிலேயே தங்கினாள். ஆட்டோவில் கூட்டிப் போய்க் கூட்டி வருவது என் வேலை. ஆட்டோக்காரரிடமும் அவள், "நம்ம மருமகன் டாக்டருக்குப் படிச்சிட்டுருக்கு" என்று ஆரம்பித்துவிடுவாள். ஆஸ்பத்திரியில் நான் சொன்ன 'ஸி' அவளுக்கு ஒரு எழுத்தாகக்கூடப் போய்ச் சேரவில்லை. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

அந்த நிலையில்தான் நேர்காணல் மின்னஞ்சல் வந்தது. மதியம் மூன்றரைக்கு, வீடியோவில், கால் மணி நேரம். நண்பனிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"மாப்ள, கூறுகெட்டவனா நீ? அவன் அதக் கேக்கவே மாட்டான். கேட்டாலும், நல்லாருக்காங்கன்னு சொல்லிட்டுப் போ. பிளைட் ஏறி வந்து உங்க அத்தை காலையா பாக்கப் போறான்?"

அது நியாயமாகத்தான் பட்டது. அத்தை நல்லாத்தான் இருக்கிறாள், சாப்பிடுகிறாள், சீரியல் பார்க்கிறாள். நல்லாருக்காங்க என்பது பொய்கூட இல்லை. கண்ணாடி முன்னால் நின்று அந்த வாக்கியத்தை ஆங்கிலத்தில் ஏழெட்டு விதமாகச் சொல்லிப் பழகினேன்.

மூன்றரைக்குத் திரையில் மூன்று பேர் வந்தார்கள். தெருவில் கேஸ் சிலிண்டர் வண்டிக்காரர் இரும்பில் தட்டிக்கொண்டு போனார். ஜன்னலைச் சாத்தினேன். கதவு சரியாக மூடாது, அந்தப் பக்கம் கூடத்தில் அத்தை காலை முக்காலியில் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது இடுக்கில் தெரிந்தது. எம்.எஸ்ஸி.யில் என்ன படித்தேன் என்று கேட்டார்கள், சொன்னேன். மார்க்கைப் பாராட்டினார்கள். மேஜைக்கு அடியில் என் கால் ஆடுகிற ஆட்டத்தில் லேப்டாப் நடுங்கியது. பிறகு நடுவில் இருந்த அம்மையார் கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு, "உங்கள் கட்டுரை எனக்குப் பிடித்திருந்தது. அந்தப் பெண் இப்போது எப்படி இருக்கிறார்?" என்று கேட்டார்.

பழகி வைத்த ஏழெட்டு வாக்கியமும் வரிசையாக நாக்கில் நின்றன. அந்த இடுக்கு வழியாக வெள்ளைக் கட்டு தெரிந்தது. அதைப் பார்க்காமல் இருந்திருந்தால் நான் பொய் சொல்லியிருப்பேன், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

"அவருக்கு இரண்டு விரல்கள் போய்விட்டன. வலி இல்லை என்றார். அப்படியானால் ஒன்றுமில்லை என்று நான் சொன்னேன். எனக்குத் தெரியவில்லை, தெரியவில்லை என்று சொல்லவும் இல்லை. கட்டுரையில் நான் எழுதியது நடந்த மாதிரி இல்லை" என்று சொல்லி முடித்தேன். மூவரும் குனிந்து எதையோ எழுதினார்கள். நன்றி சொன்னார்கள். திரையில் என் முகம் மட்டும் மிஞ்சியது.

கூடத்துக்கு வந்தேன். அத்தை டிவி சத்தத்தைக் குறைத்து வைத்துக் காத்திருந்தாள்.

"டாக்டர், டாக்டர்னு காதுல விழுந்துச்சு. என்னப் பத்தியும் பேசுனியாக்கும்?"

"ஆமாத்த."

"நல்லவிதமாச் சொன்னியா?"

முன்பின் தெரியாத மூன்று பேரிடம், ஆங்கிலத்தில், திரைக்கு முன்னால் உட்கார்ந்து சொன்னது அப்போது எனக்கு ஒன்றுமே இல்லை என்று தோன்றியது. தரையில் உட்கார்ந்து தமிழில் சொன்னேன். நான் டாக்டர் இல்லை. டாக்டருக்குப் படிக்கவும் இல்லை, படிக்க இடம் கேட்கிறதுக்காக வேறொன்று படிக்கிறேன். ஃபிளெக்ஸில் ஒரு எழுத்து விட்டுப்போனது எனக்கு முன்னாடியே தெரியும். அன்றைக்கு உங்கள் காலைப் பார்த்தபோது எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

அத்தை குனிந்து தன் காலைப் பார்த்தாள்.

"எம்மகன் ஆஸ்பத்திரிக்குக் கூப்புட்டான்யா" என்றாள். "தெனமும் கூப்புட்டான். நாந்தேன், மருமகன் பாத்துருச்சு, நீ சும்மா கெடன்னேன்."

கட்டைச் சரிசெய்யக் கை நீட்டினேன், காலை இழுத்துக்கொண்டாள்.

"நாளைக்குக் கட்டு மாத்த உங்கப்பனக் கூட்டிட்டுப் போகச் சொல்லு."

அவ்வளவுதான். டிவி சத்தத்தைக் கூட்டிக்கொண்டாள். மறுநாளிலிருந்து அப்பா கடையைப் பூட்டிவிட்டு ஆட்டோவில் ஏறினார். ஏன் என்று அவர் கேட்கவில்லை, அத்தை சொல்லியிருப்பாள். நான் காப்பி கொண்டுபோய் வைத்தால் வாங்கிக்கொள்வாள். பேச்சு மட்டும் கிடையாது. நான் மொட்டை மாடிக்கும் வாசலுக்கும் நடந்து நடந்து செருப்பைத் தேய்த்தேன். மின்னஞ்சலைத் திறந்து திறந்து பார்த்துப் போன் சூடாகும்.

மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. இடம் உண்டு என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை. காத்திருப்போர் பட்டியலில் என் பெயர் இருக்கிறதாம், யாராவது விலகினால் கூப்பிடுவார்களாம். அட்டையின் ஆயுள் முடிவதற்குள் அந்த யாராவது விலக வேண்டும். குடும்பத்து வாட்ஸப் குழுவில் அப்பா இதைப் போட்டார். அரை மணி நேரத்தில் மச்சானிடமிருந்து படம் வந்துவிட்டது. அதே வெள்ளைக் கோட்டு, அதே முழங்கை. மேலே கொட்டை எழுத்தில் 'டாக்டர்'. அதன் தலைமேல், கண்ணாடி போட்டுத் தேட வேண்டிய அளவில், 'வருங்கால'.

"மாப்ள, பட்டியல்ல பேரு வந்துருச்சுல்ல! பேரையூர் பஸ் ஸ்டாண்டுல வைக்கிறோம். ஓகேவா?"

இந்தத் தடவை கட்டைவிரலை அனுப்பவில்லை. கூடத்தில் நின்றபடியே போன் போட்டேன். "மச்சான், அது வெயிட்டிங் லிஸ்ட். சீட் இல்ல. வேணாம், ஒண்ணும் வைக்காதீங்க" என்று கத்தினேன். அவர் கேட்கிற மாதிரி இல்லை. அட்வான்ஸ் கொடுத்தாச்சு மாப்ள, நீ சும்மா இரு என்கிறார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

முக்காலியில் கால் வைத்திருந்த அத்தை கையை நீட்டினாள். போனைக் கொடுத்தேன். படத்தைத் தூரமாகவும் பக்கமாகவும் பிடித்துப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள், மூன்று வாரத்தில் முதல் தடவையாக.

"வச்சாலும் வைக்கட்டும்" என்றாள். "ஆனா அந்த வருங்காலங்கிறதப் பெரிசாப் போடச் சொல்லு. ஊருக்குள்ள இன்னும் நெறைய காலு கெடக்கு."